தாடையை ஆட்டிப் பார்க்கும் குரங்கு

ராட்சத மிருகங்கள் ஐந்தாறு ஒரே திரையில் கட்டிப் புரளும் காட்சி என்றால் எனக்குச் சின்ன வயதிலிருந்தே உயிர். சிறகுள்ளது மேலிருந்து பாயும், கொம்புள்ளது விலாவில் முட்டும், பல தலை கொண்டது எல்லாவற்றையும் சேர்த்து எரிக்கும், மலை சரியும். இப்போதும் அப்படி ஒரு படம் வந்தால் முதல் வாரத்திலேயே போய்விடுகிறேன். ஆனால் சில வருடங்களாக ஒரு விஷயம் உறுத்திக்கொண்டே இருக்கிறது. சண்டை சூடுபிடிக்கப் பிடிக்க நான் அதிலிருந்து விலகிக்கொண்டே போகிறேன். இரண்டு மிருகங்கள் எதிரெதிரே நிற்கும்போது இருக்கிற பதற்றம், மூன்றாவது நுழைந்ததும் பாதியாகிறது. ஐந்தாவது வரும்போது கண் மட்டும்தான் பார்க்கிறது, மனசு எழுந்து போயிருக்கிறது. வயதாகிவிட்டது என்று விட்டுவிடலாம் என்றால் அதற்கும் வழியில்லை. 1933-இல் வந்த 'கிங் காங்' படத்தில் குரங்கும் டைரனோசரஸும் மோதுகிற காட்சியை இன்றைக்குப் போட்டாலும் எனக்கு உள்ளங்கை வியர்க்கிறது. கறுப்பு வெள்ளை, நடுங்குகிற பிம்பம், முயல் ரோமம் ஒட்டிய ஒரு பொம்மை. அது செய்கிற வேலையை, ஒவ்வொரு மயிரும் தனித்தனியாக அசைகிற இன்றைய மிருகங்கள் ஏன் செய்வதில்லை?

இதை நான் தள்ளிப்போட முடியாத கேள்வியாக ஆக்கியவன் என் அக்கா மகன். சென்னையில் அனிமேஷன் படிக்கிறான், கடைசி வருடம். படிப்பு முடிக்க ஒரு குறும்படம் செய்தாக வேண்டும். ஆறு பூதங்கள் ஒரு மலைப்பள்ளத்தில் சண்டை போடுவதுதான் படமே. கதை கிடையாது, வசனம் கிடையாது, யாருக்கும் யாரோடும் கூட்டு கிடையாது. ஓடுள்ள ஆமை மாதிரி ஒன்று, நெருப்புப் பல்லி, பாறை மனிதன், சிறகுள்ள பாம்பு, நண்டின் கொடுக்கு வைத்த ஏதோ ஒன்று, கடைசியாக, மற்றவற்றில் பாதி உயரம்கூட இல்லாத, உடம்பெல்லாம் ரோமம் மூடிய ரோமக்காரன். ரெண்டர் ஆகாத, அதாவது நிறமும் வெளிச்சமும் இன்னும் ஏறாத சாம்பல் உருவங்களாகத்தான் எனக்குப் போட்டுக் காட்டினான். வேலை சுத்தமாக இருந்தது. கால் ஊன்றும்போது உடம்பு தாமதமாக இறங்கியது, வால் திரும்பும்போது இடுப்பு முன்னாலேயே திரும்பியிருந்தது. இதெல்லாம் தெரிந்த பையன்தான்.

"எப்படி மாமா?" என்றான்.

"நல்லா இருக்குடா. ஆனா எதைப் பாக்குறதுன்னு தெரியல."

"ஃப்ரீ ஃபார் ஆல்னா அப்படித்தான் மாமா. எல்லாரும் எல்லாரையும் அடிப்பாங்க. குழப்பம்தான் அதோட அழகே."

அவன் கோபித்துக்கொள்ளவில்லை, ஆனால் முகம் சுருங்கிவிட்டது. என்னிடமும் அதற்கு மேல் சொல்ல ஒன்றும் இல்லை. 'எதைப் பார்ப்பது என்று தெரியவில்லை' என்பது பார்வையாளனின் புகார். படம் செய்கிறவனுக்கு அது எந்த வகையிலும் உதவாது. எந்த ஃப்ரேமில் என்ன குறைகிறது என்று சொன்னால்தான் அவனால் எதையாவது மாற்ற முடியும். அதைச் சொல்ல முடியவில்லையே என்பதுதான் வீட்டுக்குத் திரும்பிய பிறகும் என்னைக் குடைந்தது.

எடையா காரணம்?

முதலில் எனக்குத் தோன்றியது எடை. பூதச் சண்டையைப் பற்றிப் பேசுகிற எல்லோரும் அங்கேதான் தொடங்குவார்கள், அதில் நியாயமும் இருக்கிறது. ஓர் உடம்பைப் பத்து மடங்கு உயரமாக்கினால் எலும்பின் குறுக்குப்பரப்பு நூறு மடங்குதான் கூடும், எடையோ ஆயிரம் மடங்கு கூடிவிடும். இதை கலிலியோ 1638-இல் எழுதி வைத்துவிட்டார். ஒரு ராட்சதனுக்கு மனிதனின் எலும்பையே அப்படியே பெரிதாக்கிக் கொடுத்தால் அவன் எடையை அது தாங்காது, எலும்பின் வடிவமே மாற வேண்டும் என்று படத்தோடு விளக்கியிருக்கிறார். அந்தக் கணக்குப்படி நம் பூதங்கள் எதுவும் எழுந்து நிற்கவே முடியாது. திரையில் நிற்கின்றன. அப்படி நிற்பதை நம்மை நம்ப வைப்பது விழுகிற வேகம்தான். ஒரு மீட்டர் உயரத்திலிருந்து விழும் பொருள் அரை செகண்டுக்குள் தரையைத் தொட்டுவிடும். நூறு மீட்டரிலிருந்து விழுவதற்கு நாலரை செகண்ட் ஆகும். ஆகவே பெரியது என்றால் மெதுவாக விழ வேண்டும்.

ஜப்பானில் எய்ஜி சுபுராயா 1954-இல் காட்ஸில்லாவைச் செய்தபோது இதைக் கேமராவை வைத்தே தீர்த்தார். அவருக்கும் ஆசை என்னவோ 'கிங் காங்' மாதிரி பொம்மையை ஃப்ரேம் ஃப்ரேமாக நகர்த்திச் செய்ய வேண்டும் என்பதுதான். அதற்கு ஆகும் காலமும் பணமும் அவரிடம் இல்லை. மனிதனை ரப்பர் உடைக்குள் நுழைத்து நடக்கவிட்டு, கேமராவை வேகமாக ஓட்டிப் படம் பிடித்து, சாதாரண வேகத்தில் போட்டார். இரண்டு மீட்டர் உடை ஐம்பது மீட்டர் மிருகமாகத் தெரிய வேண்டும் என்றால் அளவு 25 மடங்கு. விழும் நேரம் உயரத்தின் வர்க்கமூலப்படிதான் கூடும், 25-இன் வர்க்கமூலம் 5. கணக்குப்படி நேரத்தை ஐந்து மடங்கு நீட்ட வேண்டும். உடைக்குள் இருந்த ஹருவோ நகாஜிமா அந்தப் பாரத்தைச் சுமந்துகொண்டு நடந்த நடையும் அதில் சேர்ந்துகொண்டது. அந்த நடை நடிப்பு மட்டும் இல்லை, நிஜமான சுமையும்தான்.

ஆனால் எடை என்பது இன்றைக்குத் தீர்ந்துபோன பிரச்சினை. என் அக்கா மகனின் ஆறு பூதங்களுக்கும் எடை இருந்தது. பாறை மனிதன் விழுந்தபோது எவ்வளவு நேரத்தில் விழ வேண்டுமோ அவ்வளவு நேரத்தில்தான் விழுந்தான். தியேட்டரில் பார்க்கும் பெரிய படங்களிலும் எடைக்குக் குறைச்சல் இல்லை. இடிகிற கட்டடத்தின் ஒவ்வொரு துண்டுக்கும் கம்ப்யூட்டர் கணக்குப் போடுகிறது. எடை இருந்தும் எனக்கு ஒன்றும் ஆகவில்லை என்றால் காரணம் வேறெங்கோ இருக்கிறது.

பதினெட்டு அங்குலம்

அடுத்த முறை அவன் வீட்டுக்கு வந்திருந்தபோது இருவரும் உட்கார்ந்து காங் சண்டையைப் போட்டோம். பலமுறை பார்த்த காட்சிதான். இந்த முறை அவன் அதைத் தன் தொழில்முறையில் பார்த்தான். ஒரு விரல் அம்புக்குறிப் பொத்தானில், ஒவ்வொரு ஃப்ரேமாகத் தள்ளித் தள்ளி. அப்படிப் பார்த்தால் அது வேறு படம்.

அந்த அனிமேஷனைச் செய்தவர் வில்லிஸ் ஓ'பிரையன். பொம்மைகளைக் கட்டியவர் மார்செல் டெல்காடோ. சண்டையில் வரும் காங்கின் உயரம் சுமார் 18 அங்குலம். உள்ளே உலோக எலும்புக்கூடு, மூட்டுக்கு மூட்டு உருண்டை வைத்த இணைப்பு, மேலே பஞ்சும் ரப்பரும், அதற்கும் மேலே முயல் தோல். ஒரு செகண்டுக்கு 24 ஃப்ரேம். ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் கை, கால், விரல், தலை எல்லாவற்றையும் நூலளவு நகர்த்திவிட்டு விலக வேண்டும், படம் எடுக்க வேண்டும், மறுபடி கிட்டே போக வேண்டும். காங்கின் உடம்பில் ரோமம் சிலிர்த்துக்கொண்டே இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஒவ்வொரு முறையும் விரல் பட்டு ரோமம் கலைந்ததால் வந்தது அது. தவறுதான். ஆனால் மனிதக் கை அங்கே இருந்தது என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம். நான் அந்தச் சிலிர்ப்பை ஒருநாளும் குறையாக எண்ணியதில்லை.

ஓ'பிரையன் இளமையில் குத்துச்சண்டை பழகியவர், பத்திரிகைக்கு விளையாட்டுக் கார்ட்டூன் வரைந்தவர். சான் பிரான்சிஸ்கோவில் ஒரு பளிங்குக்கல் கடையில் வேலை பார்த்தபோது களிமண்ணில் குத்துச்சண்டை வீரர்களைப் பிடித்து, அவர்களை மோதவிட்டு விளையாடியதில்தான் இந்த எண்ணமே அவருக்கு வந்ததாகச் சொல்வார்கள். காங் சண்டை போடும் விதத்தில் அது அப்படியே தெரிகிறது. குரங்கு கடிப்பதைவிடக் குத்துவது அதிகம். பின்னால் தாவி முதுகில் ஏறுகிறது, பிடியை மாற்றுகிறது, மல்யுத்தக்காரன் மாதிரி எதிராளியைத் தூக்கிப் போடுகிறது, உதை வாங்கி உருள்கிறது. காங் என்பது மூளையுள்ள மிருகம், தன் உடம்பை எப்படிப் பயன்படுத்துவது என்று யோசிக்கிற மிருகம் என்று ஒரு வார்த்தை வசனம் இல்லாமல் நமக்குப் புரிந்துவிடுகிறது.

ஆனால் நாங்கள் அம்புக்குறிப் பொத்தானை அழுத்தி நிறுத்திய இடங்கள் அடி விழுகிற இடங்கள் இல்லை. முதல் இடம், டைரனோசரஸ் காட்டுக்குள்ளிருந்து வருகிற இடம். வந்ததும் வராததுமாகக் கத்தவில்லை, பாயவில்லை. காதோரம் சொறிந்துகொள்கிறது. அந்தக் குட்டிக் கையைத் தூக்கி, ஏதோ பூச்சி கடித்த மாதிரி. அப்போது அதற்கு எதிரியும் தெரியாது, இரையும் தெரியாது. தன் காட்டில் தன் பாட்டுக்கு அலைகிற ஒரு பிராணி. பிறகுதான் மரத்தின் மேல் இருக்கும் பெண் அதன் கண்ணில் படுகிறாள். அந்தச் சொறிதலுக்கு ஓ'பிரையன் எத்தனை ஃப்ரேம் செலவழித்திருக்கிறார் பாருங்கள். கதைக்கு அது தேவையே இல்லை. ஒரு நாளைக்குச் சில அடி ஃபிலிம் ஓடினாலே பெரிது என்ற நிலையில், ஒரு மனிதர் தன் நேரத்தை ஒரு பிராணியின் காது அரிப்புக்குக் கொடுத்திருக்கிறார்.

இரண்டாவது இடம்தான் எனக்கு எல்லாவற்றையும் திறந்துவிட்டது. காங் டைரனோசரஸின் முதுகில் ஏறி, மேல்தாடையையும் கீழ்த்தாடையையும் இரு கையால் பிடித்துக் கிழிக்கிறது. எலும்பு முறிகிற சத்தம். ரத்தம் வழிகிறது. மிருகம் சாய்கிறது. சண்டை முடிந்துவிட்டது. இன்றைய படமாக இருந்தால் அந்த நொடியே கர்ஜனை, மார்பில் அறைதல், கேமரா வட்டமடித்தல், அடுத்த எதிரி. காங்கும் மார்பில் அறைந்துகொள்ளத்தான் போகிறது. ஆனால் அதற்கு முன்னால் குனிகிறது. செத்துக் கிடக்கும் தலையைத் தொடுகிறது. உடைந்த தாடையை மெல்லத் தூக்கி, விடுகிறது. மறுபடி தூக்கி, விடுகிறது. திறந்து மூடுகிறது, திறந்து மூடுகிறது. கொஞ்ச நேரம் முன்பு தன்னைக் கொல்ல வந்த வாய் இப்போது ஏன் எதிர்க்கவில்லை என்று பார்க்கிறது. உண்மையிலேயே போய்விட்டதா என்று சோதிக்கிறதா, இல்லை வெறும் விளையாட்டா? இரண்டும்தான் என்று நினைக்கிறேன். ஒரு குழந்தை அணைந்துபோன டார்ச்சை ஆட்டி ஆட்டிப் பார்க்கிற மாதிரி.

அந்த இடத்தில் என் அக்கா மகன் கையை எடுத்துவிட்டான். "மாமா, இதுல மியூசிக்கே இல்ல," என்றான். ஆமாம். மேக்ஸ் ஸ்டெய்னர் அந்தப் படத்தின் பெரும்பகுதியை இசையால் நிரப்பியவர், ஹாலிவுட் பின்னணி இசைக்கே வழிகாட்டிய வேலை அது. அவர் இந்தச் சண்டைக்கு இசை போடவில்லை. உறுமல், மூச்சு, மரம் முறிகிற ஓசை, அவ்வளவுதான். எப்போது பயப்பட வேண்டும், எப்போது வெற்றி என்று நமக்கு யாரும் எடுத்துச் சொல்வதில்லை. அந்தக் குரங்கின் கண் போகிற இடத்துக்கு நம் கண்ணும் போகிறது. சண்டை முழுக்க அது எதிராளியின் வாயைத்தான் கவனித்துக்கொண்டிருந்திருக்கிறது. குத்திய குத்தெல்லாம் அந்த வாயை ஒதுக்கத்தான். கடைசியில் பிடித்ததும் வாயைத்தான். ஜெயித்த பிறகு தொட்டுப் பார்ப்பதும் அந்த வாயைத்தான். தொடக்கம் முதல் முடிவு வரை அந்த மிருகத்துக்கு ஒரே கவனம். அதன் கவனம்தான் காட்சியையே கட்டி இழுத்துப் போகிறது.

எனக்கு வேண்டிய பதில் அதில் இருந்தது. பூதத்தின் பலத்தைப் பார்த்து நாம் பதறுவதில்லை, பூதம் எதையோ கவனிக்கும்போதுதான் பதறுகிறோம். அது ஒன்றைப் பார்த்து, எடை போட்டு, முடிவெடுத்து, பிறகு அடித்தால் அந்த அடி நம் மேலும் விழும். பார்க்காமல் அடித்தால் இரண்டு பாறைகள் உருண்டு மோதின கணக்குத்தான். ஆறு பூதங்கள் ஒரே நேரத்தில் அடித்துக்கொள்ளும்போது எதற்கும் எதையும் பார்க்க நேரமில்லை. அதனால்தான் என் மனசு எழுந்து போகிறது.

ஒற்றைக்கண்ணன் எங்கே பார்க்கிறான்

அந்தப் படத்தை 1933-இல் ஹாலிவுட்டின் கிராமன்ஸ் சைனீஸ் தியேட்டரில் பார்த்த சிறுவர்களில் ஒருவர் ரே ஹாரிஹவுசன். அப்போது வயது 12, 13 இருக்கும். பார்த்துவிட்டு வந்தவர் வாழ்நாள் முழுக்க வேறு வேலை யோசிக்கவில்லை. ஓ'பிரையனிடமே உதவியாளராகச் சேர்ந்து 1949-இல் வந்த 'மைட்டி ஜோ யங்' படத்தில் பெரும்பாலான அனிமேஷனைச் செய்தார். ஓ'பிரையனின் கவனக்கலையை அப்படியே வாங்கிக்கொண்டவர் அவர் என்பது என் முடிவு.

1957-இல் அவர் செய்த படத்தில் வீனஸ் கிரகத்திலிருந்து வந்த ஒரு பிராணி நாளுக்கு நாள் வளர்ந்துகொண்டே போகும். ரோம் நகரில் அதற்கும் ஒரு யானைக்கும் சண்டை. யானையும் பொம்மைதான், அதையும் அவரே நகர்த்தினார். யாரும் பார்த்தறியாத பிராணி ஒரு பக்கம், எல்லோருக்கும் தெரிந்த பிராணி மறுபக்கம். யானை எப்படிக் கோபப்படும், தும்பிக்கையை எப்போது சுருட்டும் என்று நமக்குத் தெரியும். ஆகவே யானை எதைப் பார்த்துப் பயப்படுகிறதோ அதைப் பார்த்து நாமும் பயப்படுகிறோம். அதே சமயம் அந்த வீனஸ் பிராணி தானாக வம்புக்குப் போகிற ஜாதி இல்லை என்பதையும் படம் முன்னாலேயே காட்டிவிட்டது. அது மிரண்டுதான் அடிக்கிறது. யானை விழும்போது யாருக்காக வருத்தப்படுவது என்று தெரியாமல் நிற்கிறோம். அப்படித் தடுமாற வைப்பது சின்னக் காரியம் இல்லை.

மறுவருடம் சிந்துபாத் படம். அதன் முடிவில் ஒற்றைக்கண் ராட்சதனும் டிராகனும் மோதுகிறார்கள். ஆட்டுக்கால் கொண்ட அந்த ஒற்றைக்கண்ணன் எனக்கு மிகவும் பிடித்தவன். படத்தில் முன்னாலேயே ஓர் ஆளைக் கம்பியில் கட்டி நெருப்பில் வாட்டும்போது நாக்கால் உதட்டை நக்கிக்கொள்கிற அற்பம் அந்த இனத்துக்கு உண்டு என்று பார்த்துவிட்டோம். அவனுக்கு முகத்தின் நடுவில் ஒரே ஒரு கண். அது எங்கே திரும்புகிறது என்பதில் சந்தேகத்துக்கு இடமே கிடையாது. டிராகன் குகையிலிருந்து வெளியே வரும்போது அந்தக் கண் மனிதர்களை விட்டு டிராகனுக்குத் திரும்புகிறது பாருங்கள், அங்கேயே சண்டை பாதி நடந்து முடிந்துவிட்டது. மிச்சம் உடம்பு வேலை. பெர்னார்ட் ஹெர்மனின் இசை இங்கே பலமாகவே இருக்கிறது, ஆனாலும் அது அந்தக் கண்ணுக்குப் பின்னால்தான் ஓடுகிறது. டிராகன் ஜெயிக்கிறது. ஒற்றைக்கண்ணன் சாகும்போது எனக்குத் தொண்டை அடைக்கும். ஆளை வாட்டித் தின்கிற கூட்டத்தைச் சேர்ந்தவன்தான், இருந்தும்.

இங்கே என் அக்கா மகன் சரியான கேள்வியைக் கேட்டான். "எல்லாமே ஒண்ணுக்கு ஒண்ணு சண்டை மாமா. ரெண்டு பேர்னா கண்ணு எங்க போகும்? எதிராளிகிட்டதான். ஆறு பேருக்கு இது எப்படி வேலை செய்யும்?"

ஆறும் ஏழும்

ஏழுக்கு வேலை செய்திருக்கிறது. 1963-இல் ஹாரிஹவுசன் ஏழு எலும்புக்கூடுகளை மூன்று மனிதர்களோடு மோதவிட்டார். அவை ராட்சத அளவு இல்லைதான், ஆனால் பல உடம்புகள் ஒரே நேரத்தில் கலக்கும் சண்டையை ஒரே மனிதர் கையால் செய்ததற்கு அதைவிடப் பெரிய எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது. நாலரை மாதம் ஆயிற்று. சில நாட்களில் 13 ஃப்ரேம்தான் முடிந்தது, அதாவது திரையில் அரை செகண்ட் சொச்சம். எந்தக் கூடு எந்தக் கையை எவ்வளவு தூரம் ஓங்கியிருக்கிறது என்பதை ஏழுக்கும் தலைக்குள் வைத்திருக்க வேண்டும். தொலைபேசி ஒருமுறை அடித்தால் போதும், எந்த வாள் மேலே போய்க்கொண்டிருந்தது என்று மறந்துவிடும்.

அந்தச் சண்டை தொடங்கும் விதத்தைப் பாருங்கள். எலும்புக்கூடுகள் மண்ணிலிருந்து எழுகின்றன, கேடயத்தோடு வரிசையாக நிற்கின்றன, மெதுவாக, மிக மெதுவாக முன்னேறுகின்றன. ஏழின் வெற்றுக் கண்குழிகளும் ஒரே பக்கம். பிறகு ஓர் அலறல், பாய்ச்சல். அதற்குப் பிறகு நடக்கும் அத்தனை குழப்பத்திலும் நமக்கு வழி தப்பாததற்குக் காரணம் அந்த மெதுவான முன்னேற்றம். யார் யாரைக் கவனிக்கிறார்கள் என்பதை அடிக்கு முன்னாலேயே சொல்லிக் கொடுத்துவிட்டார்.

இன்னொரு உதாரணமாக 1968-இல் ஜப்பானின் டோஹோ நிறுவனம் எடுத்த படத்தைப் போட்டுக் காட்டினேன். அனிமேஷன் இல்லை, உடைக்குள் ஆட்களும் கம்பியில் ஆடும் பொம்மைகளும்தான். இயக்கம் இஷிரோ ஹோண்டா. படத்தில் மொத்தம் 11 ராட்சதர்கள். ஃபூஜி மலையடிவாரத்தில் அவர்களில் பலர் சேர்ந்து மூன்று தலை கிடோராவைச் சூழ்ந்துகொள்கிறார்கள். கும்பல் என்ற பெயர்தானே தவிர, கவனித்துப் பார்த்தால் ஒரு நேரத்தில் ஒன்றிரண்டு பேர்தான் இறங்குகிறார்கள். மற்றவர்கள் சுற்றி நின்று பார்க்கிறார்கள். அவர்களில் ஒன்றான ஆங்கிரஸ் ஓடிப்போய்க் கிடோராவின் கழுத்தைக் கடித்துத் தொங்குகிறது. கிடோரா அதையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு பறக்கிறது. கீழே இருப்பவர்கள் அண்ணாந்து பார்க்கிறார்கள். மேலேயிருந்து ஆங்கிரஸ் விழுகிறது. கடித்தவனின் பிடிவாதமும் விழுந்தவனின் வலியும் எனக்கு எட்டியதற்கு, பார்த்துக்கொண்டிருந்த அந்தக் கூட்டமே காரணம். ஒரு சண்டைக்குள் சும்மா நிற்கிறவன் இருந்தால்தான் அது சண்டை என்று தெரிகிறது. கோவில் திருவிழாவில் தகராறு மூண்டால் நாம் முதலில் பார்ப்பது சுற்றி நிற்கிறவர்கள் முகத்தைத்தானே.

அவன் இதை உடனே ஒப்புக்கொள்ளவில்லை. 1925-இல் வந்த 'தி லாஸ்ட் வேர்ல்ட்' படத்தை எடுத்துப் போட்டான். அதுவும் ஓ'பிரையன் வேலைதான். எரிமலை வெடிக்கிறது, டைனோசர்கள் கூட்டம் கூட்டமாக ஓடுகின்றன. "இதுல யாரு மாமா யாரப் பாக்குறாங்க? இருந்தாலும் நல்லாத்தானே இருக்கு?" என்றான். நல்லாத்தான் இருக்கிறது. ஆனால் அது சண்டை இல்லை, ஓட்டம். அத்தனைக்கும் கவனம் ஒன்றேதான், பின்னால் இருக்கும் நெருப்பு. யாரும் யாரையும் பார்க்க வேண்டியதில்லை, எல்லோரும் ஒன்றிலிருந்து விலகினால் போதும். எல்லோரும் எல்லோரையும் அடிக்கிற சண்டையில் அந்த வசதி கிடையாது. ஆறு பேர் என்றால் ஆளுக்கு ஐந்து பேர்மேல் கண் இருக்கலாம். அந்த முப்பதில் எது எந்த நேரத்தில் முக்கியம் என்று படம் செய்கிறவன் தீர்மானித்தே ஆக வேண்டும். அவன் தீர்மானிக்காததை நான் உட்கார்ந்த இடத்திலிருந்து தீர்மானிக்க முடியாது.

கணினி வந்ததால் இது கெட்டுப்போனது என்று சிலர் சொல்வார்கள். நான் அந்தக் கட்சி இல்லை. 1993-இல் 'ஜுராசிக் பார்க்' வந்தபோது பொம்மை நகர்த்தும் கலை முடிந்துவிட்டது என்றுதான் அந்தக் கலையில் ஊறிய பில் டிப்பெட் போன்றவர்களே பயந்தார்கள். ஆனால் அவரை வீட்டுக்கு அனுப்பவில்லை. மூட்டுகளில் உணர்கருவி வைத்த உலோக எலும்புக்கூடு ஒன்றைச் செய்து, பொம்மை நகர்த்திகளின் கையசைவைக் கணினிக்குள் கொண்டுபோனார்கள். மிருகம் எப்படி யோசிக்கும் என்று அவர்களுக்குத்தான் தெரிந்திருந்தது. அந்தப் படத்தின் டைரனோசரஸ் முதல் முறை வேலியைத் தாண்டி வரும்போது எவ்வளவு நேரம் சும்மா பார்க்கிறது என்று யோசித்துப் பாருங்கள். கருவி மாறியது, பார்வை அங்கே மாறவில்லை. இப்போது குறைவது கருவியால் இல்லை. பொம்மையை நகர்த்துகிறவர் ஒவ்வொரு ஃப்ரேமிலும் அந்த மிருகத்தோடு தனியாக இருந்தார். அடுத்து இது என்ன நினைக்கும் என்று கேட்காமல் கையை வைக்க முடியாது. கணினியில் அந்தக் கேள்வியைக் கேட்காமலும் வேலையை முடித்துவிட முடியும். கேட்கிறவர்கள் இன்றும் கேட்கிறார்கள், அவர்கள் செய்த காட்சி பார்த்ததும் தெரிந்துவிடுகிறது.

என் அக்கா மகன் ஆறைக் குறைக்கச் சம்மதிக்கவில்லை. நானும் பிறகு வற்புறுத்தவில்லை, அது அவன் படம். ஆனால் ரோமக்காரனை எடுத்துச் சண்டையின் ஓரத்துக்குக் கொண்டுபோனான். முதல் பாதி முழுக்க அவன் அடிப்பதில்லை. பாறையிடுக்கில் பதுங்கி, மற்ற ஐவரையும் மாறி மாறிப் பார்க்கிறான். யார் விழுந்தால் யாருக்கு லாபம் என்று கணக்குப் போடுகிறவன் மாதிரி. நெருப்புப் பல்லி பாயும் முன் பாதி செகண்ட் நிற்கிறது, அந்த நிற்றலை ரோமக்காரன் கவனிப்பது தெரிகிறது. சாம்பல் உருவங்களாகவே பார்த்தபோதும் என் கண் முதல் முறையாக அலையவில்லை. பாறை மனிதன் சாய்ந்ததும் ரோமக்காரன் வெளியே வந்து என்ன செய்ய வேண்டும் என்பதில்தான் எங்களுக்குள் இன்னும் தீரவில்லை. உடனே ஆமையின் முதுகில் ஏறிவிட வேண்டும் என்கிறான் அவன், வேகம் விட்டுப்போகுமாம். முதலில் விழுந்தவன் கிட்டே போகட்டும் என்கிறேன் நான். இரண்டு விதமாகவும் செய்து பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறான். அடுத்த வாரம் அனுப்புவான்.